விதைப்பை ஸ்கேன்: முதலில் எடுப்பதா, பிறகு எடுப்பதா, எடுக்காமலே விடுவதா

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு 14 வயதுப் பையன் அடிவயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுக்கிறான். ஒருமுறை வாந்தியும் எடுக்கிறான். ஆயா ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுக்கிறார். வலி உண்மையில் எங்கே என்று அம்மாவிடம் சொல்ல அவனுக்குக் கூச்சம், அப்பாவிடம் சொல்ல அச்சம். நள்ளிரவு நெருங்கும்போதுதான், ஒரு பக்கத்து விதை வீங்கிக் கல்லாகிக் கிடக்கிறது என்று அண்ணனிடம் சொல்கிறான். அதன்பின் வீட்டுப் பெரியவர்கள் முன் மூன்று வழிகள் நிற்கின்றன: காலையில் குடும்ப மருத்துவரிடம் கடிதம் வாங்கித் தனியார் ஸ்கேன் மையத்துக்குப் போவது; உடனே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போவது; மெடிக்கல் எய்ட் என்னும் தனியார் மருத்துவக் காப்பீடு இருந்தால் தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போவது.

டர்பனில் அல்ட்ராசவுண்ட் (ஒலி அலையால் படமெடுக்கும்) ஸ்கேன் அறையில் பணிபுரியும் எனக்கு, இந்த மூன்றில் முதல் வழியைத் தேர்ந்தவர்களைக் கண்டால் மனம் கனத்துவிடும். ‘ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்’ என்பது பொறுப்பான பேச்சாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் விதைப்பையைப் பொறுத்தவரை அது சில நோய்களுக்கு மிகச் சரியான முதல் படி, சிலவற்றுக்கு இரண்டாம் படி, ஒன்றிரண்டுக்கு வீண். எது எந்த வகை என்பதை நோயின் பெயரை வைத்து அல்ல, வலி எப்படித் தொடங்கியது, கையில் என்ன தட்டுப்படுகிறது என்பதை வைத்தே வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம்.

திடீரென்று தொடங்கிய கடும் வலியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கேதான் கடிகாரம் ஓடுகிறது. விதை ஒரு நாண் போன்ற கொடியில் தொங்குகிறது. அதற்குள்ளேதான் தமனியும் சிரைகளும் விந்துக் குழாயும் செல்கின்றன. சிலருக்குப் பிறவியிலேயே விதையைச் சுற்றியுள்ள உறை மிக உயரத்தில் ஒட்டியிருப்பதால், மணியின் நாக்குப் போல விதை தன்போக்கில் ஆடுகிறது. அது கொடியோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டால் முதலில் மெல்லிய சுவர் கொண்ட சிரைகள் நசுங்கி, உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியின்றி வீக்கம் ஏறும். பிறகு தமனியும் அடைபடும். இதுவே விதை முறுக்கம். 12 முதல் 18 வயது வரையுள்ள பையன்களிடம் இது மிகுதி. பிறந்த குழந்தைக்கும் வரலாம், முப்பதைக் கடந்தவருக்கும் வரலாம். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்துவிட்டால் பத்தில் ஒன்பது விதைகள் பிழைக்கின்றன. 12 மணி நேரம் கடந்தால் அந்த வாய்ப்புச் சுமார் பாதியாகக் குறைகிறது. 24 மணி நேரத்துக்குப் பின் பிழைப்பது அரிது. அரிது என்பதற்காகப் போகாமல் இருந்துவிடக் கூடாது, ஏனென்றால் பாதி முறுக்கிய விதை அதற்குப் பிறகும் பிழைத்ததுண்டு, மறுபக்கத்து விதையையும் பாதுகாக்க வேண்டியிருக்கிறது.

வயிற்றுவலி என்று பையன் சொன்னதில் முழுக்கப் பொய்யும் இல்லை. கருவில் விதை உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்தின் பக்கத்தில். பின்னர்தான் அது இறங்கி வருகிறது. இறங்கும்போது தன் நரம்பையும் ரத்தக்குழாயையும் நிணநீர்ப் பாதையையும் மேலிருந்தே இழுத்துக்கொண்டு வருகிறது. ஆகவே விதையில் எழும் வலி அடிவயிற்றில் உணரப்படுகிறது, வாந்தியும் வருகிறது. நம் வீடுகளில் இந்த உறுப்புக்கு வாய்விட்டுச் சொல்லும் பெயரே பிள்ளைகளுக்குக் கற்றுத்தரப்படவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். விரை என்றோ விதை என்றோ, ஏதோ ஒரு சொல்லை, கை கால் என்று சொல்லித்தருவது போலச் சொல்லித்தந்திருந்தால், அந்த இரவில் மூன்று மணி நேரம் மிச்சமாகியிருக்கும். வயிற்றுவலி என்று வரும் ஒவ்வொரு பையனுக்கும் மருத்துவர் விதைப்பையையும் பார்க்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் பெற்றோரே கேட்க வேண்டும்.

இந்த நிலையில் ஸ்கேனா, நேரே அறுவையா என்பதுதான் உண்மையான ஒப்பீடு. இதற்கு மருத்துவர்கள் ஒரு எளிய மதிப்பெண் முறையைப் பயன்படுத்துகிறார்கள். விதைப்பை வீங்கியிருந்தால் 2, விதை கல்லாக இருந்தால் 2, தொடையின் உட்பக்கத்தைத் தடவும்போது விதை வழக்கம்போல் மேலே ஏறாவிட்டால் 1, குமட்டலோ வாந்தியோ இருந்தால் 1, விதை இயல்பைவிட உயரத்தில் நின்றால் 1. ஆக மொத்தம் 7. ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் ஸ்கேனுக்காகக் காத்திராமல் அறுவை அரங்குக்கு அழைத்துச் செல்வதே வழி. இரண்டோ அதற்குக் கீழோ என்றால் முறுக்கமாக இருக்க வாய்ப்புக் குறைவு. நடுவில் நிற்கும் 3, 4 மதிப்பெண்காரர்களுக்குத்தான் ஸ்கேன் தன் முழுப் பயனைத் தருகிறது. அவர்களில் பலருக்கு, விதையின் மேல்முனையில் ஒட்டியுள்ள சிறு தொங்கல் மட்டும் முறுக்கியிருக்கும். அது வலிக்குமே தவிர, விதைக்குக் கேடு செய்யாது, ஓய்விலும் வலி மாத்திரையிலும் அடங்கிவிடும். அதை ஸ்கேன் காட்டிவிட்டால் ஒரு பையன் தேவையற்ற அறுவையிலிருந்து தப்புகிறான்.

ஸ்கேன் அறையில் என்ன நடக்கிறது என்பதை அருகிலிருந்து சொல்கிறேன். தெரிந்தால் கூச்சம் பாதி குறையும். பையனை மல்லாக்கப் படுக்கவைத்து, தொடைகளுக்கு நடுவில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, விதைப்பையை அதன்மேல் தாங்கலாக நிறுத்துவோம். ஆண்குறியை வயிற்றின் மேல் சாய்த்து இன்னொரு துண்டால் மூடிவிடுவோம். ஜெல்லை வெதுவெதுப்பாக்கித்தான் தடவுவோம், குளிர்ந்த ஜெல் பட்டால் தசை சுருங்கி விதை மேலே ஏறிக்கொள்ளும். வயிற்று ஸ்கேனுக்கு 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி போதும். விதை தோலுக்கு அடியிலேயே இருப்பதால் 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது இன்னும் நுண்ணிய படம் தரும் ஒலியைப் பயன்படுத்த முடிகிறது. கதிர்வீச்சு சிறிதும் இல்லை. கருவியை முதலில் வலியில்லாத பக்கத்தில்தான் வைப்போம். அங்கே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரை இயக்கி, மெதுவாக ஓடும் ரத்தமும் சிவப்பு நீலப் புள்ளிகளாகத் தெரியும் அளவுக்குக் கருவியைப் பதப்படுத்திக்கொண்டு, அதே அமைப்பை மாற்றாமல் வலிக்கும் பக்கத்துக்கு நகர்வோம். ஒரு பக்கம் புள்ளிகள் மினுங்க, மறுபக்கம் சாம்பல் நிறமாகவே கிடந்தால், அந்த அறையில் யாரும் அதற்கு மேல் பேசுவதில்லை. நேரே அறுவை மருத்துவரை அழைக்கிறோம். கொடியை மேலிருந்து கீழாகப் பின்தொடரும்போது அது ஓரிடத்தில் நீர்ச்சுழி போலச் சுருண்டிருப்பதும் சில நேரம் தெளிவாகத் தெரியும்.

ஆனால் ரத்த ஓட்டம் தெரிகிறது என்ற அறிக்கை முறுக்கம் இல்லை என்பதற்கு முழு உறுதி ஆகாது. முறுக்கு ஒரு முழுச் சுற்றை எட்டாதபோது தமனி திறந்தே இருக்கலாம். தானாகப் பிரிந்து மீண்டும் முறுக்கும் விதையில் இடைவேளையில் ரத்தம் மிகையாகவே பாயும். பருவமெய்தாத சிறுவனின் விதையில் இயல்பாகவே ஓட்டம் குறைவு என்பதால் நல்ல விதையும் ஓட்டமற்றது போலத் தோன்றும். கையால் தொட்டுப் பார்த்த அறுவை மருத்துவர் முறுக்கம் என்று ஐயப்பட்டால், ஸ்கேன் எதைக் காட்டினாலும் அவர் சொல்வதையே கேளுங்கள். திறந்து பார்த்து ஒன்றுமில்லை என்று மூடுவதால் ஒரு சிறு தழும்பு மிஞ்சும். திறக்காமல் விட்டால் போவது ஒரு விதை. முறுக்கம் உறுதியானால் அறுவையில் இரண்டு விதைகளையும் தையலிட்டு நிறுத்துவார்கள், மணிநாக்குக் குறை பெரும்பாலும் இரு பக்கமும் இருப்பதால். சில மருத்துவர்கள் அறுவைக்கு முன் கையாலேயே முறுக்கைப் பிரிக்க முயல்வதுண்டு. வலி நின்றுவிட்டாலும் அறுவை வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

எந்த மருத்துவமனை என்ற கேள்விக்கு வருகிறேன். சாட்ஸ்வொர்த்தில் ஆர். கே. கான், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை, கடற்கரை ஓரம் ஆடிங்டன் என்று அரசு மருத்துவமனைகள் நமக்கு அருகிலேயே உள்ளன. மேவில் பக்கமுள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனை கருவிகளில் சிறந்ததுதான். ஆனால் அங்கே வேறொரு மருத்துவமனையின் பரிந்துரையோடுதான் போக முடியும் என்பதால், இரவில் பையனைத் தூக்கிக்கொண்டு நேரே அங்கே ஓடுவது நேரத்தை இழப்பதாகும். அரசு மருத்துவமனையில் காத்திருப்பு நீளும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு ஒரு வழி உண்டு: பதிவு மேசையில் ‘வயிற்றுவலி’ என்று சொல்லாமல், ‘ஒரு விதையில் திடீர் வலி, இத்தனை மணிக்குத் தொடங்கியது’ என்று சொல்லுங்கள். நோயாளிகளை அவசர வரிசைப்படி பிரிக்கும் செவிலியருக்கு அந்த ஒரு வாக்கியமே போதும். தனியார் ஸ்கேன் மையத்தில் நல்ல கருவி இருக்கலாம். ஆனால் அதற்குப் பக்கத்தில் அறுவை அரங்கு இல்லை, இரவில் பல மையங்கள் திறந்திருப்பதும் இல்லை. முறுக்கத்தைப் பொறுத்தவரை கருவியின் தரத்தைவிட, அறுவை செய்யும் கை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே கணக்கு.

மெடிக்கல் எய்ட் உள்ளவர்கள், தங்கள் திட்டம் மலிவான ஆஸ்பத்திரித் திட்டம்தானே, ஸ்கேனுக்கும் அறுவைக்கும் பணம் தருமா என்று அந்த நேரத்தில் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. 1998ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டங்கள் சட்டத்தின்கீழ் எல்லாத் திட்டங்களும் தந்தே ஆகவேண்டிய குறைந்தபட்சப் பயன்களில், அவசர நோய்நிலைக்கான பரிசோதனையும் சிகிச்சையும் அடங்கும். எய்ட் இல்லாதவர்களுக்கும் அரசியலமைப்பின் 27(3)ஆம் பிரிவு இருக்கிறது: அவசர மருத்துவச் சிகிச்சை யாருக்கும் மறுக்கப்படலாகாது. நம் டர்பனிலிருந்து சென்ற சுப்ரமணி வழக்கில், 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கான டயாலிசிஸை அந்தப் பிரிவுக்குள் சேர்க்க மறுத்துவிட்டது. அவசரம் என்பது திடீரென்று நேர்ந்து உடனடிச் சிகிச்சை கோரும் நிலை என்பதே அந்தத் தீர்ப்பின் விளக்கம். நம் மக்களில் பலருக்கு அந்தத் தீர்ப்பு இன்றும் ஆறாத வருத்தம். ஆயினும் அதே விளக்கத்தின்படி பார்த்தால், விதை முறுக்கம் அந்தப் பிரிவுக்குள் எவ்வித ஐயமுமின்றி அடங்குகிறது. தனியார் மருத்துவமனை உங்களை வேறிடத்துக்கு மாற்ற முனைந்தால், அங்கே போய்ச் சேர்ந்து அரங்குக்குள் நுழைய எத்தனை மணி ஆகும் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இன்னும் சில செய்திகளை வீட்டிலிருந்து கிளம்புமுன் நினைவில் வையுங்கள். பையனுக்கு உணவோ நீரோ கொடுக்காதீர்கள், மயக்கமருந்து தர வேண்டியிருக்கும். விளக்கெண்ணெய் தடவி உருவிவிடுவதும் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். தாயோ தந்தையோ உடன் செல்லுங்கள், ஏனென்றால் 12 வயது கடந்த பிள்ளை இந்நாட்டுச் சட்டப்படி சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தரலாம் என்றாலும், அறுவைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் துணைநிற்க வேண்டும். பையனுக்கு ஆண் பணியாளர்தான் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. அதற்காக விடியும்வரை காத்திருப்பதுதான் தவறு.

இனி இதற்கு நேர் எதிரான நிலை: வலியே இல்லாமல், விதையின் உள்ளேயே ஒரு கெட்டியான முடிச்சு. 15 முதல் 35 வயது வரையுள்ள ஆண்களுக்கு வரும் விதைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. வலி இல்லாததால் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இங்கே ஸ்கேன்தான் முதல் படி, அதற்கு இணையான மாற்று இல்லை. கட்டி விதைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா, நீரா, சதையா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஸ்கேன் சில நிமிடங்களில் விடை சொல்லிவிடும்; விதைக்குள்ளிருக்கும் கட்டியை அது தவறவிடுவது மிக அரிது. வெளியே இருப்பவற்றில் பெரும்பாலானவை கேடற்றவை. உள்ளே இருக்கும் சதைக்கட்டியைப் புற்று என்றே வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போக வேண்டும்: ஏஎஃப்பி, எச்சிஜி, எல்டிஎச் என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகள், பிறகு சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவர் (யூராலஜிஸ்ட்).

கையால் தொட்டு மருத்துவர் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னால் போதுமா? நீர் கோத்து விதையை மூடியிருக்கும்போது கைக்கு எட்டாது. ஆகவே ஐயம் இருந்தால் ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள். எம்ஆர்ஐ இன்னும் நவீனமானது என்பதால் அதையே எடுத்துவிடலாமா என்று பணவசதியுள்ளவர்கள் கேட்கிறார்கள். தேவையில்லை, ஸ்கேனும் கைப்பரிசோதனையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது ஐயம் தீர்க்கவே எம்ஆர்ஐ. சிடி ஸ்கேன் விதையைப் பார்க்க ஏற்றதே அல்ல. அதன் வேலை பிறகு வருகிறது: புற்று உறுதியானால் அது எங்கே பரவியிருக்கிறது என்று மார்பிலும் வயிற்றிலும் தேட. விதை சிறுநீரகத்தருகே பிறந்து நிணநீர்ப் பாதையை இழுத்துக்கொண்டு வந்தது என்று சொன்னேன் அல்லவா, அதனால்தான் விதைப் புற்று முதலில் பரவுவது தொடையிடுக்குக்கு அல்ல, வயிற்றின் பின்பக்கத்துப் பெருந்தமனியை ஒட்டிய நிணக்கணுக்களுக்கு. இதே காரணத்தால் விதைப்பையில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கக் கூடாது: விதைப்பைத் தோலின் நிணநீர் தொடையிடுக்குக்குப் போவதால், புற்றுக்கு இல்லாத புதுப்பாதை ஒன்றை நாமே திறந்துவிட்டதாகும். விதையை அடிவயிற்று இடுக்கு வழியாக முழுதாக எடுத்தே சோதிப்பார்கள். கேட்க அச்சமாக இருக்கும். ஆனால் காலத்தில் வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவர்கள் குணமடையும் புற்றுநோய் இது. ஒரு விதை எஞ்சியிருந்தால் பெரும்பாலோருக்குத் தந்தையாகும் வாய்ப்பும் எஞ்சியிருக்கிறது, அதையும் உறுதிப்படுத்திக்கொள்ள அறுவைக்கு முன்பே விந்தைச் சேமித்துவைக்கலாம். இந்த ஸ்கேனை அரசு மருத்துவமனையில் எடுப்பதா, தனியாரிடம் எடுப்பதா என்றால், எது சில நாட்களுக்குள் கிடைக்கிறதோ அதுவே. மாதக்கணக்கில் தள்ளித் தேதி கொடுத்தால், கிளினிக் மருத்துவரிடம் திரும்பிப் போய் ‘விதைக்குள் கட்டி’ என்று கடிதத்தில் தெளிவாக எழுதித்தரச் சொல்லுங்கள்.

மெல்ல மெல்ல, ஓரிரு நாட்களில் ஏறிய வலியும் காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் இருந்தால், பெரும்பாலும் விதையின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் குழாயில் தொற்று. ஸ்கேனில் அந்தக் குழாய் தடித்து, டாப்ளரில் ரத்தம் கொப்பளிப்பது போலத் தெரியும். முறுக்கத்துக்கு நேர் மாறான காட்சி. இளைஞருக்குப் பாலுறவு வழித் தொற்று, வயதானவருக்குச் சிறுநீர்த் தொற்று என்று காரணம் மாறுவதால், சிறுநீர்ப் பரிசோதனை இல்லாமல் ஸ்கேன் மட்டும் போதாது. தென்னாப்பிரிக்காவில் காசநோய் மிகுதி என்பதால், மருந்து முழுதும் சாப்பிட்டும் வீக்கம் குறையாமல், குழாய் முடிச்சு முடிச்சாகக் கெட்டிப்பட்டு, வலி மட்டும் குறைவாக இருந்தால் எபிடிடிமிஸில் காசமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

நம் பெரியவர்கள் ஓதம் என்று சொல்லும் நீர்க்கோவைக்கு, டார்ச் விளக்கை இருட்டறையில் வைத்துப் பார்த்தாலே செம்மையாக ஒளி ஊடுருவும். முதிர்ந்தவருக்குப் பல ஆண்டுகளாக இருக்கும் ஓதத்துக்கு ஸ்கேன் அவசரமில்லை. இளைஞனுக்குப் புதிதாக நீர் கோத்தால் மட்டும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இடப்பக்கம் புழுக்கள் நெளிவது போலத் தட்டுப்படும் சிரை வீக்கமான வேரிகோசீலை, நிற்கவைத்து முக்கச் சொல்லி மருத்துவரின் கையே கண்டுபிடித்துவிடும். கைக்குத் தெரியாமல் ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறு வேரிகோசீலுக்கு அறுவை செய்வதால் குழந்தைப்பேற்றுக்கு நன்மை இல்லை என்பதால், தேடிப் போய் ஸ்கேன் எடுத்து மனக்கவலையை வாங்கிக்கொள்ள வேண்டாம். வலப்பக்கம் மட்டும் புதிதாக வந்தால் அது வேறு கதை. சிறுநீரகப் பக்கம் ஏதாவது சிரையை அழுத்துகிறதா என்று வயிற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டும். கிரிக்கெட் பந்து பட்டு வீங்கினால் ஸ்கேன் உடனே வேண்டும், விதையின் வெள்ளை உறை கிழிந்திருந்தால் மூன்று நாட்களுக்குள் தைத்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும்.

கைக்குழந்தைக்கு ஒரு விதை இறங்கவில்லை என்றால் ஸ்கேன் வேண்டாம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இங்கேதான் பெற்றோர் அதிகமாகப் பணத்தையும் காலத்தையும் இழக்கிறார்கள். வயிற்றுக்குள் நிற்கும் விதையைக் குடல்வாயு மறைத்துவிடுவதால், கைக்குத் தட்டுப்படாத விதைகளில் பாதியைக்கூட ஸ்கேன் கண்டுபிடிப்பதில்லை. கண்டுபிடித்தாலும் அறுவை வேண்டும், கண்டுபிடிக்காவிட்டாலும் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க அறுவை வேண்டும். முடிவை மாற்றாத பரிசோதனை எதற்கு? 6 மாதம் ஆகியும் இறங்காவிட்டால் நேரே குழந்தை அறுவை மருத்துவரிடம் கடிதம் வாங்குங்கள், ஒன்றரை வயதுக்குள் அறுவை முடிந்துவிட வேண்டும். இரண்டு பக்கமுமே தட்டுப்படவில்லை என்றால் 6 மாதம் காத்திருக்காமல் பிறந்தவுடனேயே வல்லுநரிடம் காட்ட வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்தபின் இரண்டு சொற்களைத் தேடிப் படியுங்கள். ‘நுண்கற்கள்’ (விதைக்குள் சிதறிய சிறு சுண்ணப் புள்ளிகள்) என்று எழுதியிருந்தால், விதை இறங்காமல் இருந்தது, முன்பே ஒரு பக்கம் புற்று வந்தது, தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தது போன்ற காரணங்கள் எதுவும் இல்லாதவர் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ‘தொற்று’ என்று எழுதி, விதைக்குள்ளேயே ஓரிடம் கருத்துத் தெரிவதாகவும் குறித்திருந்தால், மருந்தில் வலி போனாலும் அத்தோடு விட்டுவிடாதீர்கள். விதைப் புற்றும் சில நேரம் வலியோடும் தொற்றின் வேடத்திலும் வரும். ஆறு வாரம் கழித்து மறு ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக்கொண்டுதான் அன்று மருத்துவமனையை விட்டு வெளியே வர வேண்டும், முதலில் எடுத்த படங்களையும் அன்றைக்குக் கையோடு கொண்டுபோக வேண்டும்.